பதின்மூன்றாயிரம் கிலோமீட்டரும் எதிர்வீட்டுப் பையும்

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் எவ்வளவு தூரம் என்று போனிடம் கேட்டது என் தப்பு. கேட்காத வரைக்கும் கனடா என்பது எங்கள் மகள் இருக்கிற இடம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரையில் தெரியும், பேசும், மறையும். கேட்ட பிறகு அது பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. அதுவும் நேர்கோட்டில். நேர்கோடு வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறதாம். விமானம் அப்படிப் போகாது, நடுவில் தோஹாவில் இறங்கி வேறு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், மொத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்று போன் ஆறுதல் சொன்னது.

எனக்கு நன்றாகத் தெரிந்த தூரம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம். வீடு திண்டிவனத்தில், ஆபீஸ் விழுப்புரத்தில். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் பக்கத்தில் அதைக் கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை. வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் கூட்டேரிப்பட்டில் பாதி தீரும், விக்கிரவாண்டி டோல்கேட்டில் தொலிதான் மிஞ்சும், அதற்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம், விழுப்புரம். இந்த அளவுகோலை வைத்து டொராண்டோவை அளந்து பார்த்தேன். கிட்டத்தட்ட முந்நூற்றைம்பது விழுப்புரம் வந்தது. தினம் போய்த் திரும்புகிற எனக்கு, ஞாயிறு, பண்டிகை எல்லாம் கழித்தால், எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தை என் மனைவி ஒரே வெள்ளிக்கிழமையில், தனியாக, முதல் தடவையாக விமானம் ஏறிக் கடக்கப் போகிறாள்.

விமானம் பறக்கிற உயரத்தையும் பார்த்துத் தொலைத்தேன். பத்துப் பதினொரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய ஓமந்தூர். அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஓமந்தூர் ரோட்டை யாரோ செங்குத்தாகத் தூக்கி நிறுத்தி, அதன் உச்சியில் ஒரு நாற்காலி போட்டு, என் மனைவியைப் புடவையோடு உட்கார வைத்திருக்கிற காட்சி. நான் நாலு புத்தகம் படித்தவன். விமானம் ஏன் கீழே விழாது என்பதைப் பிறருக்கு நன்றாக விளக்கிச் சொல்வேன். விளக்கும்போது என் வயிறு மட்டும் நம்பாது.

மகளுக்கு முதல் பிரசவம். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், எதற்கும் பதறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா உடனே கிளம்ப வேண்டும். மனைவிக்கு விசா வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே சர்க்கரை வியாதி உள்ள, இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கிற, படித்ததை நம்பாத ஒருத்தி தனியாகப் போகிறாள். இங்கிலீஷில் கட்டுக்கட்டாய்க் கோப்பு எழுதுகிற நான் விழுப்புரம் பஸ்ஸில் போகிறேன்.

"எனக்குப் புடிக்கலன்னா அடுத்த பிளைட்டைப் புடிச்சி வந்துடுவேன், சொல்லிட்டேன்" என்றாள் அவள், ஏதோ பக்கத்திலிருக்கிற மயிலம் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற மாதிரி.

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன், அதுதான் கஷ்டம்.

மருமகன் டிக்கெட் போட்டு அனுப்பியபோது எங்கள் வீட்டில் சின்னதாக ஒரு பூகம்பம். வெள்ளிக்கிழமை, விமானம் கிளம்புகிற நேரம் பத்தரை தாண்டி. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்பது, மருமகனைத் தவிர, தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"ராகு காலம் சென்னைக்குத்தானே? பத்தாவது நிமிஷம் நீ மேகத்துல இருப்ப. அங்க எந்த ஊர் ராகு காலம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான். நீங்களா போவப்போறீங்க?"

அவளே வழி கண்டுபிடித்தாள். கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்கான ஒரு பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளே கிளம்பிவிட்ட கணக்கு. பஞ்சாங்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். எங்கள் வீட்டில் "பைய முன்னாடி அனுப்பறது". ஒரே ஒரு நிபந்தனை: வெளியே போன பை மறுபடி வாசற்படி ஏறக் கூடாது. ஏறினால் ஆளும் பாதி வழியில் திரும்பிவிடுவாராம்.

வியாழக்கிழமை நல்ல நேரத்தில், ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று எங்கள் வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குக் கிளம்பியது. எதிர்வீட்டில் இருப்பவர் துணி தைக்கிற ஒரு அம்மா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எங்கள் தெருவில் யாருக்குப் பரஸ்தானம் என்றாலும் பை அவர் வீட்டுக்குத்தான் போகும்.

"தாராளமா வைங்க யக்கா. எங்க வூட்ல ராகு காலமே கிடையாது" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே, போகிற வழிக்கு மட்டும் பேசியிருந்த வாடகைக் கார் வந்துவிட்டது. பெரிய பெட்டி இரண்டையும் டிரைவர் ஏற்றினார். வழியனுப்ப எதிர்வீட்டு அம்மாவும் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து நின்றார். பை உள்ளே தையல் மிஷின் மேல் இருந்தது. அவர் கையாட்டினார், நாங்கள் கையாட்டினோம். கார் கிளம்பிவிட்டது.

விமான நிலைய வாசலில் துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் பாஸ்போர்ட்டையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். டிக்கெட் இல்லாத நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம். அவள் திரும்பி, "வர்றேங்க" என்றாள்.

எங்கள் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. கடைக்குப் போனாலும் கல்கத்தாவுக்குப் போனாலும் "வர்றேன்"தான். போறேன் என்றால் ஒரேயடியாகப் போவது. நல்ல வார்த்தை. எவ்வளவு சிக்கலான வார்த்தை என்பது எனக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் தெரியாது. பின்னால் வரிசை நெருக்கியது. பதற்றத்தில் நான் "போய்ட்டு வா" என்பதில் முதல் பாதியை மட்டும் சொன்னேன். "போ, போ, போ." அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. மிச்சம் "வா" என் தொண்டையிலேயே நின்றது. ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிய பிறகும் அது இறங்கவில்லை.

பஸ்ஸிலிருந்து போன் போட்டேன். "செருப்பக் கூட கழட்டச் சொல்லிட்டாங்க, கோயிலு மாதிரி. தங்கச்சிக்கு வீடியோல ஏர்போர்ட்ட சுத்திக் காட்னேன்" என்றாள். அவளுடைய போன் பழசு. வீடியோ காட்டினால் மத்தியானத்துக்குள் மூச்சை விட்டுவிடும்.

"சார்ஜ் போட்டுக்கோ."

"போட்டுக்கறேன், போட்டுக்கறேன்." குரலில் ஏதோ ஒரு அவசரம். நான் கவனிக்கவில்லை.

பஸ் அச்சிறுபாக்கம் தாண்டும்போது விமானம் கிளம்பிவிட்டது. போனில் விமானங்களைப் பார்க்கிற ஆப் ஒன்றை மருமகன் போட்டுக்கொடுத்திருந்தான். மஞ்சளாக, குட்டியாக, கொசு மாதிரி ஒரு விமானம். அடித்தால் செத்துவிடும் போலிருந்தது. விரல் படாமல் பிடித்துக்கொண்டேன்.

திண்டிவனத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டு அம்மா என் கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் கட்டைப்பை.

"சார், யக்கா பைய உட்டுட்டுப் போய்ட்டாங்க சார்."

வாங்கித் திறந்து பார்த்தேன். போன் சார்ஜர். வழிக்கான மாத்திரை. பிஸ்கட் பாக்கெட். மல்லாட்டை உருண்டை. எலுமிச்சை மிட்டாய் ஒரு கை நிறைய.

மிட்டாயைப் பார்த்ததும்தான் எனக்கு வியர்த்தது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் அவளுக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது அப்படி ஆயிற்று. முகமெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து மரியாதையாக, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அதைவிடப் பயங்கரமான கேள்வியை அவள் என்னைக் கேட்டதில்லை. வாயில் ஒரு மிட்டாயைத் திணித்து, தண்ணீர் கொடுத்து, நான் யார் என்பதை அவள் வருத்தத்தோடு நினைவுகூரும் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். தோஹாவில் "நீங்க யாருங்க?" என்று அவள் யாரைக் கேட்பாள்? அவர் என்ன பதில் சொல்வார், எந்த மொழியில்? இன்னொன்று, வெள்ளிக்கிழமை அவள் அசைவம் தொடமாட்டாள். விமானத்தில் கொடுப்பது சைவம் என்று எழுதியே இருந்தாலும், எழுதினதை நம்புகிற ஆள் அவள் இல்லை. சாப்பிடாமலே உட்கார்ந்திருப்பாள்.

பையோடு கேட்டைத் திறந்தேன்.

"சார் சார் சார்! உள்ள எடுத்துக்கினு போவாதீங்க!"

"ஏன்?"

"பை திரும்புனா ஆளும் திரும்பிடுவாங்களாம். யக்கா சொல்லித்தான் வெச்சிட்டுப் போனாங்க."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. இதெல்லாம் நம்புறீங்களா?"

"நான் நம்பலிங்க சார். யக்கா நம்பறாங்க இல்ல? பிளைட்டுல இருக்கறது அவங்கதான."

நான் கேட்டில் ஒரு கை, பையில் ஒரு கையாக நின்றேன். மூடநம்பிக்கையைப் பற்றி அலுவலக மலர்களில் எழுதியிருக்கிறேன். கிண்டலாக, நல்ல நடையில். அந்தக் கட்டுரைகள் எதுவும் அப்போது உதவிக்கு வரவில்லை. மேலே ஓமந்தூர் ரோடு செங்குத்தாக நிற்கிறது, உச்சியில் ஒரு நாற்காலி. நான் பையோடு வாசற்படி ஏறி, அந்த நாற்காலி கொஞ்சம் ஆடினால்? விஞ்ஞானப்படி ஆடாது. சரி. ஆனால் ஆடினால்?

அரை நாள் லீவுதான் போட்டிருந்தேன். பையை வாசலில் வைக்க மனம் வரவில்லை. உள்ளே வைக்கத் தைரியம் வரவில்லை. எதிர்வீட்டம்மாவிடமே கொடுத்திருக்கலாம், அது அப்போது தோன்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். இப்படியாக, டொராண்டோ போக வேண்டிய பை, நல்ல நேரத்தில் கிளம்பி, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் போய்ச் சேர்ந்தது.

ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்ச காலம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பையை மேஜை மேல் வைத்ததும், "சார், பைக்குத் தனியா டிக்கெட் எடுத்தீங்களா, மடியிலயா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

"அங்க எல்லாம் நம்ம ஆளுங்க இருப்பாங்க சார். பேஜார் பண்ணிக்காதீங்க. ஏர்போர்ட்டுதான் கொஞ்சம் பெருசு."

"எவ்ளோ பெருசு?"

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்து யோசித்தார். "இங்க ஆரம்பிச்சா முண்டியம்பாக்கம் வரைக்கும் வெச்சிக்குங்களேன். உள்ளயே ரயில் ஓடும்."

முண்டியம்பாக்கம் ஏழெட்டு கிலோமீட்டர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

விமானம் தோஹாவில் இறங்கியது. கொசு திரையில் நின்றது. நான் காத்திருந்தேன். போன் செய்தேன், மணி அடிக்கவில்லை. ஒரு கோப்பில் நான் அன்று எழுதிய குறிப்பை மறுநாள் படித்துப் பார்த்தபோது அது என்ன விஷயம் என்று எனக்கே தெரியவில்லை.

ஆபீஸ் விட்டு, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றிருந்தபோது வாட்ஸ்அப்பில் அவளுடைய குரல் வந்தது. குரல் செய்தி, ரொம்பச் சின்னது. பக்கத்தில் சேலம் பஸ்காரர் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். பின்னால் ஏதோ அறிவிப்பு, அரபியில், பிறகு இங்கிலீஷில். நடுவில் அவள்.

"ஏங்க... சார்ஜ் இல்ல. கேக்குதா? ஒரு மாதிரியா இருக்குது. நான் வர்றேங்க. வர்றேன். பாப்பாகிட்ட ஒண்ணும்..."

அவ்வளவுதான். அதற்கப்புறம் போன் செத்துவிட்டது.

மறுபடி கேட்டேன். மறுபடியும். பஸ் ஸ்டாண்டில் ஒரு மனிதன் கட்டைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை எல்லாம் போய்விட்டது. வர்றேன் என்றால் என்ன? விடைபெறுகிறேன், டொராண்டோ விமானத்தில் ஏறப்போகிறேன் என்றா? இல்லை, நிஜமாகவே வர்றேனா, திரும்பி, இங்கே? "புடிக்கலன்னா அடுத்த பிளைட்டைப் புடிச்சி வந்துடுவேன்" என்றவள் அவள். "ஒரு மாதிரியா இருக்குது" என்கிறாள். பாப்பா என்பது மகள். பாப்பாகிட்ட ஒண்ணும் என்றால் மிச்சம் "சொல்லாதீங்க"தானே? வேறு என்ன இருக்க முடியும்?

வாழ்நாள் முழுக்கத் தமிழ் படித்திருக்கிறேன். ஒரு வினைச்சொல்லின் திசை தெரியாமல் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. பை மடியில். ஆப்பைத் திறந்தால், தோஹாவிலிருந்து டொராண்டோ விமானம் அப்போதுதான் கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கொசு. அதைத் தொட்டுப் பார்த்தேன். சென்னை. ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. ஏதோ ஒன்றில் என் மனைவி இருக்கிறாள். எதில் என்று இரண்டு கொசுவும் சொல்லவில்லை. பஸ் முண்டியம்பாக்கம் தாண்டியது. விமான நிலையம் இவ்வளவு நீளம் என்றால், இதற்குள் ஒருத்தி எங்கேயாவது உட்கார்ந்து சரிந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

மருமகனைக் கூப்பிட்டேன். அவனுக்கு அப்போதுதான் வெள்ளிக்கிழமை காலை. செய்தியை அனுப்பினேன், கேட்டான். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், நிதானமானவன்.

"மாமா, அத்தை வர்றேன்னா... இங்க வர்றதுங்களா, அங்க வர்றதுங்களா?"

"அதைத்தான் மாப்பிள்ளை நானும் கேக்கறேன்."

"ஒரு மாதிரியா இருக்குதுன்னு வேற சொல்றாங்க."

"கேட்டேன்."

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்றெல்லாம் போனில் சொல்வதில்லையாம், விதி. பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பின்னால் மகளின் குரல். படுத்த இடத்திலிருந்து கேட்கிறாள். "அப்பாவா? குடுங்க. அப்பா, அம்மா ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாம்மா."

"பேசினாங்களா?"

"பேசினா. நல்லாப் பேசினா."

"சாப்பிட்டாங்களாமா?"

"வயிறு நிறைய."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றிருந்தது. மல்லாட்டை விற்கிறவர் ஜன்னலில் பொட்டலத்தை நீட்டினார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்றா வேண்டும் என்றா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பொட்டலத்தை மடியில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பையை எதிர்வீட்டில் கொடுத்தேன். "இங்கயே இருக்கட்டும்" என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பையைத் தையல் மிஷின் மேல் வைத்து, அதன் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். ராகுவுக்கும் கேதுவுக்கும் பயந்து அனுப்பிய பை இயேசுவிடம் போய் நின்றது. கிண்டல் பண்ண எனக்கு நல்ல விஷயம். பண்ணவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கமாட்டாரா என்றிருந்தது.

அன்றைய இரவைப் பற்றி எழுத எதுவும் இல்லை. சென்னைக் கொசு இறங்கியது. போன் வரவில்லை. திரும்பி வந்திருந்தால் யார் போனையாவது பிடுங்கியாவது பேசியிருப்பாள், ஆகவே அதில் அவள் இல்லை என்று ஒரு நிம்மதி. அப்படியென்றால் மற்றதில் இருக்க வேண்டும். அல்லது இரண்டிலும் இல்லாமல், விழுப்புரத்திலிருந்து முண்டியம்பாக்கம் வரை நீளமான அந்தக் கட்டடத்தில், ஏதோ ஒரு நாற்காலியில். மூன்றாவது கொசுவை எந்த ஆப்பும் காட்டாது.

சனிக்கிழமை காலையில் டொராண்டோ விமானம் இறங்கியது. அங்கே இன்னும் வெள்ளிக்கிழமையே முடியவில்லை. கொசு நின்றது. பிறகு ஒன்றுமில்லை. பத்து நிமிஷம், ஒன்றுமில்லை. மருமகன் விமான நிலைய வாசலில் நிற்கிறான், அவனிடமிருந்தும் ஒன்றுமில்லை. பால்காரர் வந்தார், போனார். எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. தெருவில் நின்றேன். எதிர்வீட்டு அம்மா தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். போன் அடித்தபோது இரண்டு பேரும் ஒன்றாகப் பதறினோம். மருமகன் நம்பர். எடுத்தேன்.

"ஏங்க. வந்துட்டேன்."

நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். குடத்தோடு போன ஒரு பெண் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஏங்க, கேக்குதா? இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒடம்பு எப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

"தோஹாவுல கிறுகிறுன்னு வந்துடுச்சி. எது எந்தப் பக்கம்னே தெரியல. பக்கத்துல ஒரு பஞ்சாபிக்காரம்மா, அவங்களும் பொண்ணு பிரசவத்துக்குத்தான் இங்க வர்றாங்க, கையால வயித்தக் காட்டிச் சொன்னாங்க. என் மூஞ்சியப் பாத்துட்டு ஓடிப்போய் ஜூஸ் வாங்கியாந்தாங்க. அப்பறம் ரொட்டி குடுத்தாங்க. என் கையப் புடிச்சி இட்டுக்கினு வந்து ஏத்திவுட்டதே அவங்கதான். அவங்க பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவங்களுக்குப் புரியல. வழி முழுக்கப் பேசிக்கினேதான் வந்தோம்."

"வர்றேன்னு அனுப்பினியே. எங்க வர்றன்னு சொல்ல வேணாமா?"

"பின்ன போறேன்னா சொல்லுவாங்க? அவ்ளோ தூரம் கெளம்பறப்ப?"

"பாப்பாகிட்ட ஒண்ணும்னு சொன்னியே. ஒண்ணும்னா இன்னா?"

"ஒண்ணும் சமைக்க வேணாம்னு சொல்லுங்கன்னு சொன்னேன். படுத்திருக்கற பொண்ணு எழுந்து சமைச்சிக்கினு நின்னா?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். குளிருகிறது போல.

"பைய வுட்டுட்டுப் போய்ட்ட" என்றேன். "மாத்திரை, மிட்டாய் எல்லாம் அதுலதான் இருந்துச்சி."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அச்சிரப்பாக்கத்துலயே ஞாபகம் வந்துடுச்சி."

நான் நம்பவில்லை. அச்சிறுபாக்கத்திலிருந்து வீடு அரை மணி நேரம்கூட இல்லை. நேரம் கைவசம் ஏராளமாக இருந்தது. "அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வண்டியத் திருப்புவீங்க. கெளம்பின வண்டி மறுபடி வூட்டு வாசல்ல போய் நின்னா அதவுட வேற அபசகுனம் வேணுமா? பொண்ணு பிரசவத்துக்குப் போறேங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்குக் கிறுகிறுன்னு வந்தா ஜூஸ் குடிச்சிக்கலாம். அவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு நான் பயந்த பயம் ஒன்று. காரில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், விமான நிலையம் வரை அவள் பயந்துகொண்டே வந்த பயம் இன்னொன்று. "போட்டுக்கறேன், போட்டுக்கறேன்" என்று அவள் சொன்னது சார்ஜர் இல்லாமல்தான்.

"பைய வூட்டுக்குள்ள எடுத்துடலியே?" என்றாள்.

"இல்ல. விழுப்புரம் போயிட்டு வந்துச்சி. இப்ப எதிர்வீட்ல இருக்கு."

"விழுப்புரமா?"

"அப்பறம் சொல்றேன்."

"எங்க வேணா போவட்டும். புள்ள பொறந்து நான் வர்ற வரைக்கும் உள்ள மட்டும் வேணாம்."

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, இறங்குகிறது. மருமகன் தினம் சொல்கிறான், நான் தினம் கேட்டுவிட்டு விழுப்புரம் போகிறேன். ஆப்பில் இப்போது பார்க்க விமானம் இல்லை. பயம் கொசு வடிவத்தில் இல்லாமல் பொதுவாக இருக்கிறது.

பையில் மல்லாட்டை உருண்டையும் மிட்டாயும் இருப்பது எறும்புகளுக்குத் தெரிந்துவிட்டது. எடுத்து வெளியே போடலாமா என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். யோசித்தேன். கனடா வரை யோசித்தேன். வேண்டாம் என்றேன். அவர் ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் பையை வைத்திருக்கிறார். நாலு பக்கமும் தண்ணீர். பையும் கடல் தாண்டித்தான் இருக்கிறது.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறேன்.

"தட்டுல தண்ணி இருக்குதுங்களா?"

"இருக்குது சார். நீங்க போய்ட்டு வாங்க."

"வர்றேங்க" என்கிறேன்.